வறட்சிப் படமாய்வு

வறட்சிப் படமாய்வு என்பது நெல், கோதுமை, சோளம், கம்பு முதலிய தானியப் பயிர்கள் நீர்ப் பற்றாக்குறைக்கு எவ்வாறு ஈடுகொடுக்கின்றன என்பதைத் தானியங்கிக் கேமராக்களால் அளக்கும் முறையாகும். இலையைக் கிள்ளாமல், செடியைப் பிடுங்காமல் அளப்பதால், ஒரே செடியை நாற்றுப் பருவத்திலிருந்து கதிர் முற்றும்வரை தொடர்ந்து கவனிக்க முடிகிறது.

செயல்முறை

தொட்டிச் செடிகள் கன்வேயரில் நகர்ந்து எடைமேடைக்கும் படமெடுக்கும் அறைக்கும் செல்கின்றன. எடைக் குறைவிலிருந்து நீரிழப்பு கணக்கிடப்படுகிறது. ஆய்வுக்கு வேண்டிய ஈரம் மட்டும் மண்ணில் நிற்குமாறு இயந்திரமே நீர் ஊற்றுகிறது. வண்ணப் படம் இலைப்பரப்பையும் இலைச் சுருளலையும் காட்டும். மண் காயும்போது இலைத்துளைகள் மூடிக்கொள்ள, நீராவிப்போக்கு குறைந்து இலை சூடேறும். இதை வெப்பப் படம் பதிவு செய்யும். அண்மை அகச்சிவப்புப் படம் திசுக்களின் நீரளவையும், பச்சைய ஒளிர்வுப் படம் ஒளிச்சேர்க்கையின் நிலையையும் அறிய உதவுகின்றன.

இந்தியாவில்

புது தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் நானாஜி தேஷ்முக் பெயரிலான தாவரத் தோற்றவமைப்பு ஆய்வு மையம் 2017 அக்டோபர் 11இல் திறக்கப்பட்டது. ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் அனைத்துலகப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட் நிறுவியுள்ள 'லீசிஸ்கேன்' அமைப்பில் செடிகள் நகர்வதில்லை. லேசர் வருடிகளே அவற்றின் மேலாக நகர்ந்து இலைகளை முப்பரிமாணத்தில் பதிகின்றன.

கிள்ளான் பள்ளத்தாக்கில்

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள செர்டாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டி 2001இல் வெளியிட்ட எம்ஆர் 219 நெல், நல்ல விளைச்சல் தந்தாலும் வறட்சியைத் தாங்குவதில்லை. பாங்கியிலுள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தாரும் பிலிப்பைன்சின் அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வறட்சியிலும் விளைச்சலைக் காக்கும் மூன்று மரபணுப் பகுதிகளை அதில் சேர்த்து, 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். இவ்வாறு உருவான நெல் வகைகள் வறட்சியைச் சமாளிப்பது இலைத்துளையை மூடியா, இலைப்பரப்பைக் குறைத்தா என்று பிரித்தறியப் படமாய்வு ஏற்றது. ஆனால் ஈரப்பதம் மிகுந்த இப்பகுதியில், நீருண்ட செடிக்கும் வாடும் செடிக்கும் இடையே வெப்ப வேறுபாடு சிறிதாகவே இருக்கும். மேகமூட்டம் அதை மேலும் குறைக்கும். எனவே இங்கு வெப்பப் படத்தை மட்டும் நம்ப இயலாது.

வரம்புகள்

தொட்டியில் வேர் ஆழமாக இறங்க இடமில்லை. இலை குறைந்த செடி நீரை மிச்சப்படுத்திப் பசுமையாக நின்றாலும் கதிர் சிறுத்துப்போகலாம். ஆகவே படமாய்வில் தேறிய வகைகளையும் வயலில் பயிரிட்டு, விளைச்சலை அளந்த பிறகே இரகத் தேர்வு முடிவாக வேண்டும்.