ஒரு குளிசைக்குப் பின்னால் 41 வருடம்

புற்றுநோய் மருந்து என்றாலே நமக்கு முடி கொட்டுவதுதான் ஞாபகம் வரும். இமாட்டினிப் குளிசையின் கதை வேறு.

1960 இல் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கபர்ட் இருவரும் ஒருவகை நாட்பட்ட இரத்தப் புற்றுநோயாளரின் கலங்களில் வழமைக்கு மாறாகக் கட்டையான ஒரு நிறமூர்த்தத்தைக் கண்டார்கள். அது ஏன் கட்டையானது? 12 வருடம் கழித்து சிகாகோவில் ஜெனட் ரௌலி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நிறமூர்த்தப் படங்களை வெட்டி அடுக்கிப் பார்த்துப் பிடித்தார். (பிள்ளைகள் கேலி செய்தார்களாம், உம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறார் என்று.) 9 ஆவதும் 22 ஆவதும் துண்டு மாற்றிக்கொண்டிருந்தன. அந்த ஒட்டில் பிறக்கும் நொதியத்துக்கு ஓயத் தெரியாது. கலத்தைப் பெருகு, பெருகு என்று ஏவிக்கொண்டே இருக்கும். அது சக்தி எடுக்கும் குழியை அடைப்பதுதான் இமாட்டினிப். லைடனும் ட்ருக்கரும் இதற்காகப் பாடுபட்டார்கள். 1998 இல் முதல் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி.

ஆனால் அதே சாயலுள்ள வேறு சில நொதியங்களையும் இது தடுக்கும். கண்ணைச் சுற்றி வீக்கம், தசைப்பிடிப்பு, ஓங்காளம் வரலாம். மருந்து ஒத்துவரவில்லை என்று நாமாகவே நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ டொக்டரால் முடியும். சாப்பாட்டோடு, பெரிய கோப்பைத் தண்ணீரோடு குடிக்கிற குளிசை இது. நோன்பு பிடிக்கலாமா, பிடித்தால் ஸஹரிலா இப்தாரிலா குடிப்பது என்பதை றமழானுக்கு முந்திய கிளினிக்கிலேயே கேட்டுவிடுவோம்.