ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர்?

கார் எடுக்கலாம் என்று ஒரு வீட்டில் பேச்சு எழுந்தால் மூன்று வழிகளைத்தான் எடைபோடுகிறார்கள். ஷோரூமில் புது வண்டி எடுக்கலாம், கைமாறி வந்த பழைய வண்டியை வாங்கலாம், அல்லது மாதாமாதம் வாடகை கட்டி லீசுக்கு எடுத்து ஓட்டலாம். முதல் இரண்டையும் நாள்கணக்கில் பேசுவார்கள். மூன்றாவதை ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடுவார்கள்: "கட்டுற காசுக்கு வண்டியாவது நம்ம பேர்ல இருக்கணும்." நிலமும் நகையும் சேர்த்தே பழகிய சமூகம், வாடகைப் பொருளில் நமக்கு மனம் ஒட்டாது என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்வதுண்டு. அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. கார் விஷயத்தில் நம்முடைய இந்தக் கணக்கு பரம்பரைக் குணத்திலிருந்து வந்ததல்ல. ஏறக்குறைய 1953 முதல் 1993 வரை நாற்பது ஆண்டுகள் இந்தியாவில் நிலவிய தட்டுப்பாடு கற்றுக்கொடுத்தது அது. வாங்கிய கார் விலை இறங்காமல், பல சமயம் ஏறிக்கொண்டும் இருந்த விநோதமான காலம் அது. காலம் போய்விட்டது, அதன் கணக்கு மட்டும் வீடுகளில் தங்கிவிட்டது.

அந்தத் தட்டுப்பாடு தானாக வந்ததல்ல. சுதந்திரத்துக்கு முன்பு ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்தியாவில் கார்களைப் பூட்டி விற்றன. உதிரிப் பாகங்கள் கப்பலில் வரும், இங்கே பொருத்துவார்கள். உள்நாட்டிலேயே படிப்படியாகத் தயாரிக்கத் திட்டம் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு மட்டுமே இடம் தரலாம் என்று 1953-ல் சுங்கவரி ஆணையம் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்றது, வெறும் பூட்டுவேலை செய்த இரண்டு அமெரிக்க நிறுவனங்களும் வெளியேறின. கார் சந்தை மூன்று பேர் கையில் நின்றது. கல்கத்தா அருகே உத்தர்பாராவில் பிர்லா குழுமத்தின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் வால்சந்த் ஹிராசந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற மூன்று பெயர்களுக்குள் ஒரு தலைமுறையின் கார் ஆசை முழுவதும் அடங்கியது. அந்நியச் செலாவணி நெருக்கடி 1957-ல் முற்றியதும் இறக்குமதிக் கதவு மேலும் இறுகியது. 1951-ன் தொழில் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டப்படி எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கே உரிமம் வேண்டும். ஐம்பது கோடிக்கு மேல் மக்கள்தொகை இருந்த நாட்டில், 1970 வாக்கில் ஆண்டுக்கு 40,000 கார்கூட உற்பத்தியாகவில்லை.

இருப்பது குறைவு என்றால் யாருக்கு முதலில் என்ற கேள்வி வரும். அதற்காக 1959-ல் கார் விநியோகம், விற்பனை பற்றிய கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கார் வேண்டுபவர் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் வைப்புத்தொகை கட்டி, அந்தப் பாஸ்புக்கை விற்பனையாளர் பெயருக்கு ஈடாக எழுதிக்கொடுத்து, வரிசையில் பெயர் பதிய வேண்டும். ஒரு பங்கு அரசு ஒதுக்கீட்டுக்குப் போகும், மிச்சம்தான் பொதுவரிசைக்கு. ஃபியட்டுக்கு வரிசை மிக நீளம், அதற்குக் காத்திருந்தவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அம்பாசடரும் ஹெரால்டும் அதைவிடச் சீக்கிரம் கிடைத்தன. புது வண்டி எடுத்தவர் இரண்டு ஆண்டுக்குள் அனுமதியின்றி அதைக் கைமாற்றக் கூடாது என்பதும் அந்த ஆணையின் ஒரு விதி. அரசு எதைக் கண்டு அஞ்சியது என்பதை இந்த ஒரு விதியே காட்டிக்கொடுக்கிறது. வண்டியை ஷோரூமிலிருந்து வெளியே எடுத்த மறுநாளே அதிக விலைக்கு விற்க ஆள் காத்திருந்தது. சாதாரணச் சந்தையில், நஷ்டம் வரும் விற்பனையைத் தடுக்க யாரும் சட்டம் போட மாட்டார்கள்.

இந்த நிலையில் புதிதா, பழையதா என்ற கேள்வியே தலைகீழானது. இன்று பழைய வண்டி வாங்குபவர் பணத்தை மிச்சம் பிடிக்க வாங்குகிறார். அன்று அவர் காலத்தை மிச்சம் பிடிக்க வாங்கினார், அதற்காகக் கூடுதல் பணம் கொடுத்தார். கட்டுப்பாட்டு விலைக்குப் புதிது எடுத்தவர் கையில் இருந்தது வெறும் வாகனமல்ல, வரிசையில் அவர் நின்ற வருடங்களின் விலையும்தான். வெளிநாட்டுத் தூதரகங்கள் ஓட்டிக் கழித்த கார்களை அரசு வர்த்தகக் கழகம் டெண்டரில் விற்றபோது, பல ஆண்டு ஓடிய அந்த வண்டிகளுக்கும் பணக்காரர்கள் போட்டி போட்டார்கள். 1969-ல் மத்திய அரசு மூன்று கார்களுக்கும் விலையை நேரடியாகவே நிர்ணயித்தது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் போயின. நியாய விலை எது என்று கணக்கிட ஒரு விசாரணைக் குழு அமர்ந்தது, 1971-ல் தீர்ப்பு வந்தது. தொழிற்சாலை வாசலில் விலையைக் கட்டிவைப்பதில் இவ்வளவு உழைப்பு போனது. வாசலைத் தாண்டிய பின் ஏறிய விலையைக் கட்ட யாராலும் முடியவில்லை. இந்தப் பாடத்தைத்தான் அன்றைய நடுத்தர வர்க்கம் மனத்தில் எழுதிக்கொண்டது: கார் ஒரு சொத்து, கிடைத்தால் விடாதே, பத்திரமாக வைத்திருந்தால் போட்ட பணம் திரும்பி வரும். அன்றைக்கு அது மூடநம்பிக்கையல்ல, முழுக்கச் சரியான கணக்கு.

நம்மவர்களுக்குப் பெயரும் பத்திரமும் கையில் இல்லாமல் நிம்மதி இருக்காது என்று வாதிடுபவர்கள், இதே காலத்தில் தமிழ்நாட்டுச் சாலையில் ஓடிய லாரிகளையும் பஸ்களையும் கவனிக்க வேண்டும். அவற்றில் ஏராளமானவை, ஓட்டியவரின் சொத்தாக இல்லாமலேயே ஓடின. டி.எஸ். சந்தானம் 1954-ல் சென்னையில் 2 லட்சம் ரூபாய் மூலதனத்தில் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். வங்கிகள் போக்குவரத்துத் தொழிலுக்குக் கடன் தரத் தயங்கிய காலம் அது. ஓடுகிற பொருளை ஈடாக வைத்துக்கொள்ள எந்த மேலாளருக்கும் தைரியம் வரவில்லை. ஆகவே ஃபைனான்ஸ்காரர்கள் கடன் என்று கொடுக்காமல் வாடகைக் கொள்முதல் என்ற ஏற்பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். வண்டி ஃபைனான்ஸ் கம்பெனியுடையது. எடுத்தவர் அதை வாடகைக்கு ஓட்டுகிறார், மாதாமாதம் டியூ கட்டுகிறார். கடைசி டியூ முடிந்ததும், பெயரளவுக்கு ஒரு சிறு தொகை கொடுத்தால் வண்டி அவருடையதாகிவிடும். நடுவில் டியூ தவறினால் கம்பெனி தன் வண்டியைத் தானே எடுத்துக்கொண்டு போகலாம். சீஸ் பண்ணுவது என்று ஊரெல்லாம் பேசப்பட்டது இதைத்தான். ஆக, கொள்முதலுக்கும் வாடகைக்கும் நடுவே நின்று, சொந்தமாகும் முன்பே சம்பாதிக்கும் வழியைத் தமிழ்நாட்டின் போக்குவரத்துத் தொழில் தயங்காமல் ஏற்றது. லீஸ் என்று சொன்னால் முகம் சுளிக்கும் அதே ஊர்களில்தான் இது நடந்தது.

இந்த வண்டி உண்மையில் யாருடையது என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனதில் நமக்கு ஒரு நல்ல ஆவணம் கிடைத்திருக்கிறது. கோயம்புத்தூர் வணிகவரி அலுவலர், கே.எல். ஜோஹர் என்ற ஃபைனான்ஸ் நிறுவனத்தின் வாடகைக் கொள்முதல் வியாபாரத்துக்கு விற்பனை வரி கேட்டார். வாடகைக்காலம் முழுவதும் அது வாடகையே, கடைசியில் வாடிக்கையாளர் தன் விருப்ப உரிமையைப் பயன்படுத்தும் கணத்தில்தான் விற்பனை நடக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 1964-ல் சொன்னது. அடுத்த ஆண்டே கேரள அரசோடு சுந்தரம் ஃபைனான்ஸுக்கு இருந்த வழக்கில் இன்னொரு பக்கம் வெளிச்சம் விழுந்தது. அங்கே வண்டியைத் தேர்ந்தெடுத்து விலைபேசியவர் வாடிக்கையாளர். பணம் போதாததால் ஃபைனான்ஸ் கம்பெனியிடம் போய், வண்டியை அதற்கு விற்றதாக ஒரு கடிதமும் பிராமிசரி நோட்டும் எழுதிக்கொடுத்து, அதே வண்டியை வாடகைக் கொள்முதலில் திரும்ப எடுத்திருந்தார். காகிதம் எப்படி எழுதப்பட்டிருந்தாலும் இது வண்டியை ஈடாக வைத்து வாங்கிய கடன்தான் என்று நீதிபதிகளில் பெரும்பான்மையோர் முடிவு செய்தார்கள். ஒரே தொழில், ஒரே மாதிரிப் பத்திரம். ஒன்றில் வாடகை, மற்றொன்றில் கடன். இந்தத் தீர்ப்புகளைச் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. சொந்தம், வாடகை, கடன் என்ற மூன்றுக்கும் இடையே நாம் போடும் கெட்டியான கோடு, நடைமுறையில் யாருக்கும் தடையாக இருந்ததில்லை. வாடிக்கையாளர் கவனித்தது மாத டியூ எவ்வளவு, வண்டி எவ்வளவு ஈட்டும் என்பதை மட்டும்தான். நாடாளுமன்றம் 1972-ல் வாடகைக் கொள்முதலுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியும், அது ஒரு நாள்கூட நடைமுறைக்கு வரவில்லை. 2005-ல் அதை ரத்து செய்தார்கள். சட்டம் இல்லாமலேயே தொழில் அரை நூற்றாண்டு ஓடியிருந்தது.

இங்கே நியாயமான ஒரு ஆட்சேபம் உண்டு. லாரி சம்பாதிக்கும், வீட்டுக் கார் சம்பாதிக்காது. ஆகவே லாரிக்காரரின் துணிச்சலை வீட்டுக்காரரிடம் எதிர்பார்ப்பது சரியா என்று கேட்கலாம். சரியான கேள்விதான். ஆனால் அது என் வாதத்தை முறிப்பதில்லை, வலுப்படுத்துகிறது. பொருள் வருமானம் தருமா, விலை இறங்குமா என்பதைப் பார்த்துத்தான் நம் மக்கள் வாடகையையும் சொந்தத்தையும் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், அதைத் தீர்மானித்தது கணக்கு, குலகுணமல்ல. இந்தியாவின் முதல் லீசிங் நிறுவனமான ஃபர்ஸ்ட் லீசிங் கம்பெனி ஆஃப் இந்தியா 1973-ல் தொடங்கப்பட்டதும் சென்னையில்தான். அது தேடிப்போன வாடிக்கையாளர் குடும்பங்களல்ல, கம்பெனிகள். தேய்மானத்தைக் காட்டி வருமான வரி மிச்சம் பிடிக்கும் வழி 1980-களில் லீசிங்கை வேகமாக வளர்த்தது. மாநிலங்கள் தங்கள் பங்குக்கு விழித்துக்கொண்டன; 1982-ன் 46-வது அரசியல் சட்டத் திருத்தம் வாடகைக் கொள்முதலையும், பொருளைப் பயன்படுத்தும் உரிமையை மாற்றித் தருவதையும் விற்பனை வரிக்குள் கொண்டுவந்தது. வீட்டுக்காரருக்கு இதில் காட்டத் தேய்மானமும் இல்லை, மிச்சமாகும் வரியும் இல்லை. லீஸ் அவர் வாசலுக்கு வராமல் போனதற்கு அவருடைய மனப்பான்மையைக் குறைசொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை.

திருப்பம் மாருதியோடு தொடங்கியது, ஆனால் உடனே நடக்கவில்லை. 1983-ல் 10,000 ரூபாய் முன்பணம் கட்டி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர் பதிந்தார்கள். டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்தார். 47,500 ரூபாய் விலை சொன்ன அந்தச் சின்னக் காரும் முதல் சில ஆண்டுகள் வெளியே பிரீமியம் போட்டே விற்றது. பழைய பாடம் இன்னொரு தலைமுறைக்கும் போய்ச் சேர்ந்தது. 1993-ல் கார் தயாரிக்க உரிமம் தேவையில்லை என்றான பிறகுதான் வரிசை உண்மையில் கலைந்தது. மறைமலை நகரில் ஃபோர்டு வந்தது, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது, 1998-ல் சான்ட்ரோ சாலைக்கு இறங்கியது. புதுக் கார் கேட்ட அன்றே கிடைக்கத் தொடங்கியதும் பழைய கார் முதன்முறையாக உண்மையிலேயே பழைய காரானது. ஊருக்கு ஊர் ஆட்டோ கன்சல்டிங் கடைகள் பெருகின. சிங்கிள் ஓனரா, இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா, ஆர்.சி.யில் ஹெச்.பி. என்ற வாடகைக் கொள்முதல் குறிப்பு நீக்கியாகிவிட்டதா என்பவை விலையைத் தீர்மானிக்கும் கேள்விகளாயின. 2001-ல் மாருதியே ட்ரூ வேல்யூ என்ற பெயரில் பழைய கார் விற்க இறங்கியது. இன்று இந்தியாவில் ஆண்டுதோறும் கைமாறும் பழைய கார்கள், விற்பனையாகும் புதுக் கார்களைவிட அதிகம்.

எந்த அளவுக்குக் கணக்கு மாறியது என்பதை இன்சூரன்ஸ் பாலிசியே சொல்கிறது. வண்டியின் காப்பீட்டு மதிப்பைப் போடும்போது முதல் ஆறு மாதத்துக்கு 5 சதவீதம் கழிக்கிறார்கள். ஓராண்டு முடிவதற்குள் 15, இரண்டாவது ஆண்டில் 20, மூன்றாவதில் 30, நான்காவதில் 40, ஐந்தாவதில் 50 என்று அது போகிறது. இரண்டு ஆண்டுக்குள் விற்று லாபம் பார்த்துவிடுவார்களோ என்று 1959-ல் அரசு பயந்த அதே பொருள்தான் இது. வாங்கும்போது "நாளைக்கு வித்தாலும் காசு" என்று சொல்பவர், தன் மேசையிலேயே இருக்கும் இந்தக் காகிதத்தைப் பார்க்காமல், அறுபதுகளின் விலைப்பட்டியலை வைத்துப் பேசுகிறார்.

இதனால் எல்லோரும் லீசுக்குப் போகலாம் என்று நான் சொல்லவில்லை. லீஸ் வாடகைக்கு, அந்தக் காருக்கு என்ன ஜி.எஸ்.டி. விகிதமோ அதுவே விதிக்கப்படுகிறது. வாடகைக்குள் ஒளிந்திருக்கும் வட்டியும் லீசிங் கம்பெனியின் லாபமும் சேர்ந்தே அந்த வரிக்கு உட்படுகின்றன. வங்கிக் கடனில் வாங்கியவரின் வட்டிக்கு இந்தச் சுமை இல்லை. மூன்று நான்கு ஆண்டு கழித்து வண்டி என்ன விலைக்குப் போகும் என்பதை முன்கூட்டிக் கணிக்க நம்பகமான பழைய கார் சந்தை வேண்டும். அந்தச் சந்தை இங்கே சரியாக உருவாகி இருபத்தைந்து ஆண்டுகள்தான் ஆகின்றன. அந்தக் கணிப்பில் உள்ள தயக்கத்தையும் வாடகையில் ஏற்றித்தான் கம்பெனிகள் வசூலிக்கின்றன. ஒரே வண்டியைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓட்டுபவருக்குச் சொந்தமாக வாங்குவதே லாபம், விலை இறக்கம் அவருக்குப் பல ஆண்டுகளில் பரவிக் கரைந்துவிடும். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுபவர் ஒவ்வொரு முறையும் மிகச் செங்குத்தான சரிவையே தன் பணத்தில் வாங்குகிறார். அவருக்கு லீஸ் வாடகையை, தான் இழக்கப்போகும் விலையோடும் கடன் வட்டியோடும் சேர்த்து எழுதிப் பார்க்காமல் தள்ள உரிமையில்லை. கையில் பணம் குறைவாக உள்ளவருக்கோ இந்த மாற்றம் அறுபது ஆண்டுகளில் கிடைத்த மிகப் பெரிய நன்மை: நான்கு வயதான, பராமரித்த காரை அவர் வாங்கும்போது, அதன் விலையில் பெரும் சரிவை முதல் சொந்தக்காரர் ஏற்கெனவே தாங்கியிருக்கிறார்.