வீசத் தெரிந்தவரும் கற்பிக்க வல்லவரும்

மாசி பிறந்து கண்மாய் நீர் முழங்காலுக்கு இறங்கும் நாட்களில், மதுரைக்கு வடகிழக்கே மேலூர்ப் பக்கத்து ஊர்களில் மீன்பிடித் திருவிழா நடைபெறுவதை வாசகர்களில் பலர் கண்டிருப்பீர்கள். ஊர்ப் பெரியவர் கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், விடியலிலிருந்து காத்திருந்த மக்கள் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகச் சேற்றில் இறங்குவர். விராலும் கெளுத்தியும் கெண்டையும் அகப்பட்டவர்க்கு அகப்பட்டபடி. அக்கூச்சலில் கலவாமல், மடைக்கு அருகே வீச்சு வலையைத் தோளில் மடித்திட்டு நிற்கும் முதியவர் ஒருவரை நாம் பல ஆண்டுகளாக அறிவோம். நம் பங்கைச் சேர்ந்தவர். ஈயக்குண்டு கோத்த ஓரத்தில் ஒரு பிடியைப் பல்லில் கவ்வி, இடுப்பைத் திருப்பி அவர் வலையை விடும்போது, அது காற்றிலே வட்டமாக விரிந்து, தட்டுக் கவிழ்த்தாற்போல் நீர்மேல் விழும். அதே வலையை அவருடைய பேரன் வீசினால் கயிற்றுச் சுருளாகத்தான் விழுகிறது. "எப்படி என்று அவனுக்குச் சொல்லிக் கொடுங்களேன்" என்றோம் ஒருமுறை. "சொல்லுறதுக்கு என்ன சாமி இருக்கு? பார்த்துப் பழகணும்" என்றார்.

இந்த விடை நம் மனத்தில் நெடுநாள் கிடந்தது. நாம் கற்பிக்கும் தொழிலில் உள்ளவர்கள். குருமடத்தில் மறையுரை ஆற்றக் கற்பித்தார்கள். கற்பிப்பது எப்படி என்பதற்கும் தனி வகுப்பு வைத்தார்கள். வலை வீசுவதற்கு அப்படி ஒன்று இல்லை என்பது இயல்பே என்றுதான் அதுவரை எண்ணியிருந்தோம். ஆனால் வீசுதல் என்னும் அந்த ஒரு செயலையே பாடமாக்கி, அதற்கு ஏட்டுத் தேர்வும் செய்முறைத் தேர்வும் வைத்து, ஆசிரியர் சான்றிதழ் வழங்கும் மக்களும் இவ்வுலகில் இருக்கின்றனர். அந்த வரலாற்றைத்தான் இங்கே சொல்ல விழைகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்தில் ஒரு பங்கில் கோடைக்காலப் பணிக்காகத் தங்கியிருந்தோம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், ஒரு மாலைப்பொழுது ஆலயத்துப் புல்வெளியில் நீண்ட கோல் ஒன்றை ஏந்தி, பச்சை நிறத் தடித்த நூலை முன்னும் பின்னுமாகக் காற்றில் ஓடவிட்டுக் கொண்டிருந்தார். நூலின் நுனியில் தூண்டில் முள் இல்லை. ஒரு துண்டுக் கம்பளி நூல் மட்டுமே. "மீன் எங்கே?" என்று கேட்டோம். தாம் 'ஃபிளை' தூண்டில் வீசக் கற்பிக்கச் சான்று பெற்ற ஆசிரியர் என்றும், வீசக் கற்பதற்கு ஆறு வேண்டியதில்லை, புல் போதும் என்றும் சொல்லிக் கோலை நம் கையில் கொடுத்துவிட்டார்.

ஃபிளை என்றால் ஈ. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றி, நீர்மேல் தத்தும் பூச்சியைப்போல் கட்டிய தூண்டில் அது. நம் ஊர்ச் சிறுவன் மண்புழுக் கோத்த தூண்டிலை எறியும்போது, ஈயக்குண்டின் கனம் முன்னே ஓட, நூல் பின்னே செல்கிறது. இறகு ஈக்கோ கனமே இல்லை. கல்லை எறியலாம், இறகை எப்படி எறிவது? ஆகவே நூலையே கனமாகச் செய்து, நூலை எறிகின்றனர். ஈ அதன் வாலில் தொற்றிக்கொண்டு போகிறது. நூல் முழுவதும் முதலில் முதுகுக்குப் பின்னே பறந்து நீள வேண்டும். நீண்ட பிறகே கோலை முன்னே செலுத்த வேண்டும். அதற்கு முன் அவசரப்பட்டால் நூல் சாட்டைபோல் சொடுக்கும். ஈ அறுந்து எங்கோ போகும். நூலின் நீளம் கூடக் கூடக் காத்திருக்கும் கணமும் கூட வேண்டும். நமக்கு அந்தக் காத்திருப்புத்தான் வரவில்லை. ஒரு மணி நேரத்தில் நூல் நம் கழுத்தில் இருமுறை சுற்றியது. அவரோ சிரிக்காமல், எந்த விரல் எப்போது இறுகியது, கோலின் நுனி எங்கே வளைந்து சென்றது என்று ஒவ்வொரு பிழைக்கும் காரணம் கூறினார். முப்பது ஆண்டு மறையுரை ஆற்றிய நமக்கு, நம் பிழைகளை எவரும் அத்தனை தெளிவாகப் பிரித்துச் சொன்னதில்லை.

இக்கலை பழையது. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஈலியன் என்னும் உரோமைக் குடிமகன் கிரேக்க மொழியில் எழுதிய விலங்கியல் நூலில், மக்கதோனியர் அஸ்த்ரேயுஸ் என்னும் ஆற்றில் செந்நிறக் கம்பளியை முள்ளில் சுற்றி, சேவலின் இறகு இரண்டைச் சேர்த்துக் கட்டி மீன் பிடித்ததைக் குறிக்கிறார். அந்த ஆறு பெரேயாவுக்கும் தெசலோனிக்காவுக்கும் நடுவே ஓடுவதாம். தூய பவுல் நடந்த வழி என்பதால் நமக்கு அதில் தனி ஆர்வம். ஆனால் அவர்களுடைய கோல் ஆறடி, நூலும் ஆறடி. அவ்வளவு குறுகிய நூலை நீட்டி வைத்தாலே போதும், வீச வேண்டியதில்லை.

நற்செய்தி நூல்களில் வலை பல இடங்களில் வந்தாலும், தூண்டில் ஒரே ஒரு முறைதான் வருகிறது: கோவில் வரிக்காகப் பேதுரு கடலுக்கு அனுப்பப்படும் இடத்தில் (மத் 17). பேதுருவும் அந்திரேயாவும் அழைக்கப்பட்டபோது கையில் வைத்திருந்ததாக மத்தேயு குறிக்கும் கிரேக்கச் சொல் 'அம்ஃபிபிளேஸ்த்ரோன்', சுற்றிலும் எறியப்படுவது என்று பொருள்படும். நம் முதியவரின் வீச்சு வலையேதான்.

கையறிந்ததை ஏட்டில் ஏற்றிய முதல் பெருமுயற்சி இங்கிலாந்தில் 1496ஆம் ஆண்டில் வெளிவந்தது. விங்கின் டி வோர்ட் என்னும் அச்சகத்தார் வெளியிட்ட தூண்டில் பற்றிய அச்சிறு நூலில், கோலை எம்மரத்தில் செய்வது, குதிரை வால் மயிரை எப்படிச் சாயமேற்றித் திரிப்பது, எந்த மாதத்துக்கு எந்த ஈ என்று பன்னிரண்டு ஈக்களின் செய்முறை ஆகியவை சொல்லப்படுகின்றன. அதை இயற்றியவர் ஸோப்வெல் கன்னியர் மடத்துத் தலைவியான ஜூலியானா பெர்னர்ஸ் என்பது வழிவழிச் செய்தி. அம்மடத்துத் தலைவியர் பட்டியலில் அப்பெயர் இல்லை என்பதால் ஆய்வாளர் இதை ஐயுறுகின்றனர். ஐயம் நியாயமானதே, எனினும் அந்நூலை ஒரு துறவற அன்னையின் கையில் வைத்துப் பார்க்க மனம் விரும்புவதை நாம் மறைக்கவில்லை. 1653இல் ஐசக் வால்டன் தூண்டில்காரரைப் பற்றிப் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். ஈ வீசும் பகுதியை அவருடைய நண்பர் சார்லஸ் காட்டன் 1676ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்தார். வால்டனைப் பலர் படிக்கின்றனர். காட்டனைத்தான் மீன் பிடிப்போர் படிக்கின்றனர்.

இக்கலை நம் நாட்டுக்கு ஆங்கில அதிகாரிகளோடு வந்தது. மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் மங்களூரில் இந்தியத் தூண்டில் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1887இல் குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றியே தனி நூல் எழுதினார். குளமும் கண்மாயும் நிறைந்த நம் சமவெளிக்கு அந்த இரண்டாம் நூலே நெருக்கமானது. மீன்குஞ்சுகளைக் கண்மூடித்தனமாக அழிப்பதை எதிர்த்து ஓயாமல் எழுதியவர் அவர். வெடியும் நஞ்சும் இட்டு மீன் கொல்வதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897இல் வந்தது.

ஆனால் ஈத்தூண்டிலுக்கு உரிய மீன் டிரவுட். குளிர்ந்து ஓடும் நீரன்றி அது வாழாது. வைகையில் அதற்கு இடமில்லை. எனவே அவர்கள் நீலகிரியை நாடினர். அங்கே வேட்டைக்கும் மீனுக்கும் 1879இலேயே தனிச் சட்டம் இருந்தது. இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய மருத்துவர் ஃபிரான்சிஸ் டே 1860களில் டிரவுட்டைக் கொண்டுவர முயன்று தோற்றார். பனிக்கட்டியில் வைத்த முட்டைகள் நீண்ட கப்பல் பயணத்தையும் அதன்பின் மலையேற்றத்தையும் தாங்கவில்லை. மதராஸ் அரசு 1906இல் வில்சன் என்னும் வல்லுநரை அமர்த்திய பிறகே காரியம் கைகூடியது. அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது; இலங்கையிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்த வானவில் டிரவுட் நீலகிரி ஓடைகளில் நிலைத்தது. மீன் வந்துவிட்டது. ஈ வீசும் வித்தையோ, துரைமாரிடமிருந்து அவர்களுடைய மைந்தருக்கும் நண்பருக்கும்தான் கைமாறியது. வீசக் கற்பிக்கும் பள்ளி எதுவும் அங்கே எழவில்லை.

நம் மண்ணிலிருந்து அவர்களுக்குப் போனவையும் உண்டு. பழனிமலையிலும் சிறுமலையிலும் விடியற்காலையில் கூவும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் கழுத்து இறகில், மெழுகுத் துளிபோல் மஞ்சளும் வெண்மையுமாகப் புள்ளிகள் மின்னும். ஸ்காட்லாந்து நாட்டு ஆறுகளில் சால்மன் மீனைக் கவரக் கட்டிய அலங்கார ஈக்களுக்கு அந்த இறகே உயிர். 19ஆம் நூற்றாண்டில் அது கடல் கடந்து விலைபோயிற்று. இன்று 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்பறவையைக் காக்கிறது. கோலுக்கும் இந்தியாவே மூலம். மூங்கிலை நெடுகப் பிளந்து, ஆறு பட்டைகளைச் சேர்த்து ஒட்டும் கோல்களை அமெரிக்கர் 19ஆம் நூற்றாண்டில் செய்யத் தொடங்கியபோது 'கல்கத்தா மூங்கில்' என்ற பெயரில் இறக்குமதியானதையே எடுத்தாண்டனர். சீன மூங்கில் அந்த இடத்தைப் பிடித்தது பின்னரே. பட்டு நூல் போய் பிளாஸ்டிக் பூசிய நூல் வந்ததும், மூங்கில் போய்க் கண்ணாடி இழையும் அதன்பின் கார்பன் இழையும் வந்ததும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய கதை. பொருள் மலிந்தது, அதிகாரிக்கும் செல்வருக்கும் உரியதாயிருந்த கோல் தொழிலாளியின் கைக்கும் வந்தது. தகப்பனும் மாமனும் வீசிப் பார்த்திராத ஒருவன் யாரிடம் கற்பான்? ஆசிரியர் தேவைப்பட்டனர்.

1965இல் ஒரெகனின் யூஜின் நகரில் ஈத்தூண்டில்காரர் கூட்டமைப்பு ஒன்று உருவாயிற்று. அக்கூட்டமைப்பு 1992இல் வீசக் கற்பிக்கும் ஆசிரியர்க்குச் சான்றளிக்கத் தொடங்கியது. அதற்கு முன்னின்று உழைத்தவர்களுள் ஒருவர் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த மெல் கிரீகர். மாணவரில் சிலர் பொறியாளர், சிலர் கவிஞர் என்று பிரித்துப் பார்த்தவர் அவர். முன்னவர்க்குக் கோணமும் வேகமும் சொல்ல வேண்டும், பின்னவர்க்கு வீச்சின் உணர்வைக் காட்டினால் போதும். இதற்குச் சற்று முன்னரே, 1990இல், பில் காமெல், ஜே காமெல் ஆகிய இருவர் நல்ல வீச்சின் அடிப்படைகளை ஐந்தாகச் சுருக்கியிருந்தனர்: நூல் தளராதிருத்தல், நூலின் நீளத்துக்கேற்ற காத்திருப்பு, அந்நீளத்துக்கேற்பக் கையின் வீச்சு, விசையைச் சீராகக் கூட்டுதல், கோல் நுனி நேர்கோட்டில் செல்லுதல். ஐந்நூறு ஆண்டுகளாகக் கைகள் அறிந்திருந்ததை ஒரு சிறுவன் மனப்பாடம் செய்யும் அளவுக்கு அவர்கள் ஆக்கிவிட்டனர்.

அத்தேர்வில் நம்மை வியக்க வைத்தது வேறொன்று. குறித்த தொலைவு வீச வேண்டும், குறித்த வட்டத்தில் ஈயை இறக்க வேண்டும் என்பன எதிர்பார்க்கக் கூடியவை. ஆனால் தேர்வு எழுதுபவர், கேட்கும்போது தவறாகவும் வீசிக் காட்ட வேண்டும். நூல் அகன்ற மடிப்பாகக் குலைவதை ஒருமுறை. நுனி தன் மேலேயே விழுந்து முடிச்சிட்டுக் கொள்வதை ஒருமுறை. அவை ஏன் நேர்ந்தன, எப்படித் திருத்துவது என்ற விளக்கத்தோடு. அறியாமல் செய்யும் பிழை மாணவனுடையது. அறிந்து செய்து காட்டும் பிழை ஆசிரியருடையது. நன்றாக வீசுவோர் பலர் இங்கேதான் தடுமாறுவர் என்று அந்தப் பள்ளி ஆசிரியர் சொன்னார். தாமே முதல்முறை தோற்றதையும் ஒளிக்கவில்லை. தம் கை எவ்வாறு சரியாகச் செய்கிறது என்று எண்ணிப் பார்த்திராதவரால், தவறை விரும்பியபோது வரவழைக்க இயலாதல்லவா?

இந்த ஏற்பாட்டின்மேல் நமக்குக் குறையும் உண்டு. சான்றிதழ் வந்த இடத்தில் கட்டணமும் வரும். சான்றிதழ் இல்லாத கையை மதியாத பழக்கமும் உடன் வரும். அறியாமையை அல்ல, தாள் இல்லாமையையே குற்றமாக்கும் காலம் இது. எனினும் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் முதியவரின் மக்கள் இருவர் திருப்பூரில் இருக்கின்றனர். கண்மாய் மீன் பாசி ஏலத்துக்குப் போகிறது. ஏலம் எடுத்தவர் இழுவலையோடு ஆள் கொண்டு வருகிறார். வீச்சு வலைக்கு ஆண்டில் சில நாளே வேலை. பார்த்துப் பழகுவதற்கு, பார்க்கும் நாட்கள் வேண்டுமே.

சென்ற மாசியில் இவ்வரலாற்றை அவரிடம் மடைக்கல்லில் உட்கார்ந்து சொன்னோம். "நூலை வீசுறதுக்குப் பரீட்சையா?" என்று வெற்றிலையைக் குதப்பியபடி சிரித்தார். தப்பாகவும் வீசிக் காட்ட வேண்டும் என்றதும் சிரிப்பை நிறுத்தினார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து, பேரனைக் கூப்பிட்டு, வலையைத் தோளில் மடித்தார்.

"நீ இப்படி விடுறே" என்று சொல்லி வீசினார். வலை கயிறாக விழுந்தது. இழுத்து மடித்து, "போன வாரம் இப்படி விட்டே" என்று மறுபடியும் வீசினார். பாதி விரிந்து ஒரு பக்கம் மடங்கிற்று. மூன்றாம் முறை பல்லில் கவ்விய பிடியைச் சற்று நேரம் கழித்து விட்டார். வலை அவர் தாடையைப் பிடித்து இழுத்தாற்போல் திரும்பிச் சுருண்டது.

"பல்லை எப்ப விட்டேன், பார்த்தியா?"

பையன் தலையசைத்தான். "லேட்டா விட்டீங்க தாத்தா."

அவர் வலையை அலசி, சேற்றை உதறி, அவன் தோளில் போட்டார். நாம் மாலைத் திருப்பலிக்குப் புறப்பட்டபோது அவன் ஒன்பதாவது முறையாக வீசிக் கொண்டிருந்தான். வட்டம் இன்னும் வரவில்லை, ஆனால் கயிறாக விழவில்லை.