மண்ணின் உரிமை யார் பெயரில்?

நிலத்தின் மேல் நிற்கும் மரத்துக்கும் நிலத்தின் கீழ்க் கிடக்கும் கனிக்கும் உரியவர் யார் என்னும் கேள்வி, கச்சேரிக்காரர்க்கும் கம்பெனிக்காரர்க்கும் மட்டுமே உரியதென்று நம்மவரிற் பலர் எண்ணி வந்துள்ளனர். தோட்டத்துப் பாட்டாளி பால்வாளியைச் சுமந்தாற் போதும். பட்டணத்துக் கடைக்காரர் கணக்கை எழுதினாற் போதும். லைசென்சும் குத்தகையும் நமக்கெதற்கு என்பது அவர்கள் கொள்கை. இக்கொள்கை எத்துணைப் பிழையானது என்பதை ஜொகூரின் சரித்திரமே எடுத்துக் காட்டும். "இன்னார்க்கு மண்ணின் உரிமை தரலாம், இன்னார்க்குத் தரலாகாது" என்று இம்மாநிலத்தில் பல தலைமுறையாக விதிகள் எழுதப்பட்டு வந்திருக்கின்றன. அவ்விதிகள் யாரைக் காத்தன, யாரைக் கைவிட்டன என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதலில் பழங்கதையைப் பார்ப்போம். சுரங்க லைசென்சு தோன்றுமுன்னர் ஜொகூரில் வழங்கிய உரிமைச் சீட்டு ஆற்றுப் பத்திரமாகும். 1844-ஆம் ஆண்டு முதல் துமெங்கோங் இப்ராகிம், ஆற்றோரக் காடுகளைச் சீனக் குடிகளுக்குத் திறந்துவிட்டார். மிளகும், தோல் பதனிட உதவும் காம்பியர்ச் செடியும் பயிரிட முன்வந்த தலைவனுக்கு 'சூராட் சுங்கை' என்னும் பத்திரம் அளிக்கப்பட்டது. கங்சூ என்று பெயர் பெற்ற அத்தலைவனே அந்த ஆற்றங்கரைக்கு அதிகாரி. பத்திரத்தில் இருந்தது அவன் பெயர்தான். ஆயினும் அரிசியும் முன்பணமும் சிங்கப்பூர் வியாபாரிகளிடமிருந்து வந்தன. விளைச்சல் அவர்கள் கிடங்குக்கே திரும்பிச் சென்றது. காட்டை வெட்டித் திருத்திய கூலியோ கடனோடு வந்து கடனோடே காலங் கழித்தான். 1917-இல் இம்முறை ஒழிக்கப்பட்டது. ஆனால், பத்திரத்தில் ஒரு பெயரும் பணப்பெட்டியில் வேறொரு பெயரும் இருக்கக்கூடும் என்னும் பாடம் மட்டும் ஒழியவில்லை.

இனி, அந்நிய முதலாளிகளைப் பற்றிய விதிக்கு வருவோம். 1885-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 11-ஆம் நாள், மகாராஜா அபூபக்கருக்கும் பிரிட்டிஷ் சர்க்காருக்கும் லண்டன் மாநகரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அபூபக்கர் சுல்தான் பட்டம் பெற்றது இவ்வுடன்படிக்கையாலேயே. பட்டத்தோடு ஒரு கட்டும் வந்தது. பிரிட்டிஷ் பிரஜைகள், பிரிட்டிஷ் கம்பெனிகள், சீனர், மலாயர், பிற கீழ்த்திசை இனத்தார் ஆகியோர்க்கன்றி வேறெவர்க்கும் பிரிட்டிஷ் சர்க்காரின் சம்மதமின்றி எவ்வித மானியமோ சலுகையோ வழங்கலாகாது என்பது அதன் ஆறாம் விதி. இது ஜொகூர்க் குடிகளின் நன்மைக்காக எழுந்த விதியா? அன்று. ஏனைய ஐரோப்பியர் இங்குக் கால் வைத்தலாகாது என்பதற்காகப் போடப்பட்ட வேலியே அது. தோட்டக்காரன் தன் காய்க்கு வேலி கட்டினான், மண்ணுக்கு அன்று!

அவ்வேலியில் ஒரு வாயிலும் இருந்தது. 'பிற கீழ்த்திசை இனத்தார்' என்னும் சொற்களே அவ்வாயில். ஜப்பானியர் கீழ்த்திசை இனத்தார் அன்றோ! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் ஜொகூரில் ரப்பர் நிலங்களை வாங்கிக் குவித்தனர். அது கண்டு அஞ்சிய ஆட்சியாளர், முதல் உலகப் போரின்போது, 1917-இல், பெரும் பரப்பான ரப்பர் நிலம் அந்நியர் கைக்குப் போகாவண்ணம் தடை விதித்தனர். போர் முடிந்தபின் அத்தடை நெகிழ்ந்தது. ரப்பருக்கு இத்துணைக் காவல் புரிந்தவர்கள் இரும்புக்கு என்ன செய்தனர் என்பதை நோக்குமின்.

ரப்பர் பயிரிட 1916-இல் மலாயாவுக்கு வந்த இஷிஹாரா ஹிரோஇச்சிரோ என்னும் ஜப்பானியர், பத்து பகாட்டை அடுத்த ஸ்ரீ மேடானில் இரும்புத் தாது கண்டார். 1920-இல் கம்பெனி நிறுவினார். தாய்வான் வங்கியின் கடன் கிடைத்தது. மலையை வெட்டி, ஆற்று வழியே படகில் இறக்கி, கடலிற் கப்பலேற்றி, ஜப்பான் சர்க்காருக்குச் சொந்தமான யவாத்தா உருக்காலைக்குத் தாது அனுப்பப்பட்டது. சுரங்க உரிமை சட்டப்படியே அளிக்கப்பட்டது. சர்க்கார் கஜானாவுக்கு வரும்படியும் வந்தது. பிரிட்டிஷ் முதலாளிகளுக்கு இவ்விரும்பிற் போட்டியில்லை, ஆகவே மறுப்புமில்லை. ரப்பர் அவர்கள் காய். இரும்போ வெறும் மண்!

அவ்விரும்பு போன வழியை முதலில் உணர்ந்தவர்கள் அதிகாரிகள் அல்லர், பாட்டாளிகளே. சீனாவின்மீது ஜப்பான் போர் தொடுத்தபின், 1937-38-இல் பத்து பகாட்டிலும் திரங்கானுவின் டுங்கூனிலும் ஜப்பானியச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். சோற்றைத் துறந்து அவர்கள் சொன்ன சாட்சியம் அது. சர்க்காரோ 1941 ஜூலையில்தான் ஜப்பானியர் சொத்துக்களை முடக்கிற்று. அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது; 1942 ஜனவரி முடிவதற்குள் ஜொகூர் முழுவதும் வீழ்ந்தது. இந்நாட்டு இரும்பில் எத்தனை பங்கு பீரங்கியாகி மீண்டதென்று பிரித்துக் கூற எவராலும் இயலாது. ஆயினும் அப்படையாட்சியில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு, காய்ச்சலிலும் பட்டினியிலும் மாண்டதை நம் குடும்பங்கள் மறக்கவில்லை. குத்தகைப் பத்திரம் நமக்கெதற்கு என்றிருந்த லயத்து வாசலிலேயே அதன் பயன் வந்து நின்றது.

போருக்குப்பின் கொடிகள் மாறின. 1950-களில் ஜொகூரின் தென்கிழக்குக் கோடியில் தெலுக் ரமுனியாவில் அலுமினியத் தாதுச் சுரங்கம் எழுந்தது. முதலாளி கனடா நாட்டு அலுமினியக் கம்பெனியின் கிளை. அங்கும் மண் கப்பலேறியது. உருக்காலை இங்கு எழவில்லை. 1957-இல் நாடு விடுதலை பெற்றது. அரசியற் சட்டம் நிலத்தையும் சுரங்க லைசென்சையும் மாநிலத்தின் அதிகாரத்தில் வைத்தது. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் மண்ணிற் புதைந்த கனிமங்களும் மாநில ஆட்சிக்கே உரியன என்றது. 1971-இல் தோன்றிய புதிய பொருளாதாரக் கொள்கை, 1990-க்குள் கம்பெனிப் பங்குகளில் பூமிபுத்திரர்க்கு 30 விழுக்காடும், ஏனைய மலேசியர்க்கு 40 விழுக்காடும், அந்நியர்க்கு 30 விழுக்காடும் என்று இலக்கு வகுத்தது.

மண்ணின் மக்களுக்கு மண்ணிற் பங்கு வேண்டும் என்பது நேர்மையான கோரிக்கையே. அதை மறுப்பார் நியாயமறியாதார். ஆனால் விழுக்காடு எழுதியவுடன் உரிமை கைக்கு வந்துவிடுமா? லைசென்சு ஒருவர் பெயரில், தொழிலும் இலாபமும் மற்றொருவர் கையில் என்னும் ஏற்பாட்டிற்கு 'அலி பாபா' என்று ஊரே பெயர் சூட்டிற்று. இது ஓர் இனத்தாரின் குற்றமன்று. ஆற்றுப் பத்திரக் காலத்துப் பழைய நோயே புதுச் சட்டை அணிந்து வந்தது. பெயரைக் கேட்கும் சட்டத்தைப் பெயராலேயே ஏமாற்றலாம்.

அங்ஙனமாயின் மெய்யான உரிமை எங்ஙனம் வரும்? நம்மிடையே ஒரு சான்றுண்டு. வெள்ளைத்துரைகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுச் சென்றபோது, வேலையும் வீடும் இழந்து தவித்த பாட்டாளிகளை ஒன்றுசேர்த்து, துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சிறு தவணைகளாகச் சேர்ந்த பாட்டாளியின் வெள்ளியே தோட்டங்களை வாங்கிற்று. அங்கே பத்திரத்துப் பெயரும் பணப்பெட்டிப் பெயரும் ஒன்றாயின. சங்கத்தின் பிற்கால நடப்பில் எவர்க்கேனும் குறை தோன்றலாம்; எனினும் கூலி என்று அழைக்கப்பட்டவன் பங்காளி ஆகலாம் என்பதை அது மெய்ப்பித்துவிட்டது.

ஆகவே நேயர்களே, நம் ஊருக்கருகில் ஒரு மலைக்கு லைசென்சு கேட்கப்படுகிறதென்று அறிந்தால், முதலாளி எந்த நாட்டான், எந்த இனத்தான் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். பணம் யாருடையது? தாது எங்கே போகிறது? வெட்டிய பள்ளமும் கலங்கிய ஆறும் யார் தலையில் விடியும்? வேலை செய்வோர்க்குக் கூலியன்றிப் பங்குண்டா? இந்நான்கையும் கேளுங்கள். கேட்பதற்குப் பத்திரத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது உத்தியோகத்துக்காக மட்டுமன்று. தம் காலடி மண்ணைப் பற்றி எழுதப்படும் எழுத்தைத் தாமே படித்தறிவதற்காகவுமாம். படிக்கத் தெரியாதவன் காலடி மண்ணும் அவனறியாமலே கப்பலேறும்.