நீவிய கையும் அமுக்கிய கையும்

இலங்கை மலையகத்தில் கொட்டகலையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் ஒரு காலத்தில் பிள்ளைப்பேறு, தொழிலாளர் குடியிருந்த லயத்துக் காம்பராவுக்குள்தான் நடந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி என்பது அந்த அறைகளின் வழக்கமான அளவு. அங்கே மருத்துவச்சியின் கை இரண்டு வேலைகளைச் செய்தது. மாதம் ஏற ஏற இடுப்பு, முதுகு, கால்களில் எண்ணெய் தொட்டு நீவிவிட்டது. வலி கண்ட பிறகு வயிற்றை அமுக்கிப் பிள்ளையைக் கீழே தள்ளவும் செய்தது. பின்னாளில் இரண்டும் ஒன்றாகவே பட்டிக்காட்டு வழக்கம் என்று தள்ளப்பட்டன. அமுக்குவது ஒழிந்தது நல்லது. நீவுவதையும் அதோடு சேர்த்து ஒழித்ததில் மலையகப் பெண் இழந்தது அதிகம் என்பது என் கருத்து.

தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து தொழிலாளர் பருவத்துக்கு வந்து பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்து, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தபோது நிலைமை மாறியது. கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். அதைப் பறிக்க மலையிலேயே குடியிருக்கும் பெண்கள் தேவைப்பட்டனர். இப்படித்தான் கருவுறுதலும் பேறும் தோட்டத்தின் அன்றாடமாயின. ஆனால் சட்டம் பார்த்தது பேறுக்குப் பிந்திய நாட்களை மட்டுமே. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், பிள்ளை பெற்றவளுக்கு 30 நாள் உணவும் இருப்பிடமும் கொடுக்கவும், மருத்துவ அதிகாரி தகுதி சொன்னாலன்றி அந்நாட்களில் வேலை வாங்காதிருக்கவும் தோட்டத் துரைக்குக் கடமை விதித்தது. பேறுக்கு முந்திய ஓய்வுக்குப் பணம் கிடைக்க 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வரவேண்டியிருந்தது. அதுவும் இரண்டே வாரம். அதுவரை நிறைமாதக்காரியும் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் போட்டாள், தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடை சுமந்தாள், வழுக்கும் சரிவில் ஏறி இறங்கினாள். கர்ப்பத்தில் எப்படியும் முன்னே சரியும் உடற்பாரத்தைக் கூடை பின்னே இழுக்கும். இடுப்பும் முதுகும் கடுத்துப்போவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. சட்டம் தராத ஓய்வைத்தான், மாலையில் அரைமணி நேரம், விளக்கெண்ணெயோ நல்லெண்ணெயோ தொட்ட கை தந்தது. இந்த வழக்கத்தை மூடநம்பிக்கைக் கணக்கில் எழுதுவது அநியாயம். அதை உழைப்பின் வரலாற்றில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தமிழகக் கிராமங்களில் இந்தக் கை பெரும்பாலும் நாவிதர் சமூகப் பெண்ணின் கை. கங்காணிகள் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது சாதி ஒழுங்கும் கப்பலேறி வந்தது. பேற்று இரத்தத்தைத் தொட்டவள் என்பதால் அவளுக்குத் தீட்டு ஒட்டியது. அவள் அறிவுக்கு மதிப்பு ஒட்டவில்லை. ஆகவே பழைய மருத்துவச்சியைப் போற்றுவது சாதித் தொழிலைப் போற்றுவதாகாதா என்று கேட்பவர்கள் சரியான இடத்தில்தான் கைவைக்கிறார்கள். கட்டாயத்தால் ஒருத்தியின் தலையில் சுமத்தப்பட்ட வேலை மீண்டும் வரவேண்டாம். நீவிவிடுவதற்குச் சாதி தேவையில்லை. கணவன் செய்யலாம், அம்மாவோ நாத்தனாரோ செய்யலாம்.

இன்றைய ஆய்வு அந்தக் கைக்கு ஓரளவு சாட்சி சொல்கிறது. அமெரிக்காவின் மயாமி பல்கலைக்கழகத்தில் டிஃபனி ஃபீல்ட் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில் கர்ப்பிணிகள் 26 பேர் இருந்தனர். ஒரு பகுதியினருக்கு வாரம் இருமுறை, 20 நிமிடம், ஐந்து வாரம் மசாஜ் செய்யப்பட்டது. அவர்களுக்குப் பதற்றமும் முதுகுவலியும் குறைந்தன, தூக்கம் சீரானது. 26 பேர் சிறு எண்ணிக்கைதான். இதை வைத்து மசாஜ் நோய் தீர்க்கும் என்று யாரும் சொல்லக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பேறுகாலப் பரிந்துரைகள் இன்னும் தெளிவானவை. தாய் விரும்பினால் பிரசவ வலியைத் தணிக்க மசாஜ் செய்யலாம் என்கின்றன; பிள்ளையை வெளிக்கொணரக் கருப்பையின் மேற்பகுதியைக் கையால் அமுக்குவதைப் பரிந்துரைக்கவில்லை. லயத்துக் காம்பராவில் ஒரே கை செய்த இரண்டு வேலைகளுக்கும் நடுவே கோடு கிழித்தாயிற்று.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1940களின் நடுப்பகுதியில்கூட இலங்கையில் ஒரு லட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். பயிற்சி பெற்ற மருத்துவமாதரும் வைத்தியசாலைகளும் பரவிய பிறகே அது சரிந்தது. பழைய கையைத் திரும்ப அழைப்பது ஆபத்து என்பது அந்த மறுப்பு. பேறு வைத்தியசாலையில்தான் நடக்க வேண்டும், இதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் தாய்மாரைக் கொன்றவை இரத்தப்போக்கு, கிருமித்தொற்று, வலிப்பு, இரத்தசோகை, மலேரியா. முதுகை நீவியதால் ஒருத்தி செத்தாள் என்று சொல்ல ஆதாரமில்லை. நீவுவதில் உள்ள உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. தோட்டங்களில் கொக்கிப்புழு எவ்வளவு பரவியிருந்தது என்றால், 1910களில் ராக்பெல்லர் நிறுவனமே அதை ஒழிக்க இங்கே இயக்கம் நடத்தியது. அந்தப் புழு இரத்தத்தை உறிஞ்சும்; இரத்தசோகை முற்றினால் கால் வீங்கும். கர்ப்பகால உயர் இரத்த அழுத்தத்திலும் கால் வீங்கும். வீங்கிய காலை எண்ணெய் போட்டு நீவினால் அவளுக்குச் சுகம்தான். ஆனால் வைத்தியரிடம் போகவேண்டிய நாள் தள்ளிப்போகும். அன்றைய மருத்துவச்சியிடம் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இல்லை. இன்று கிளினிக்கில் இருக்கிறது.

எனவே கவனிக்க வேண்டியவை சில உண்டு. வயிற்றை அமுக்கவோ, பிள்ளையைத் திருப்பவோ வீட்டில் யாரும் முயலக்கூடாது. கர்ப்பத்தில் காலின் ஆழத்து இரத்தநாளத்தில் இரத்தம் உறைய வாய்ப்புக் கூடுதல். அதனால் கெண்டைக்காலை அழுத்திப் பிசையக்கூடாது, மேலோட்டமாகத் தடவினால் போதும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் தொடவே வேண்டாம். ஐந்து மாதத்துக்குப் பின் மல்லாக்கக் கிடத்தாமல் இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து நீவ வேண்டும். தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், இரத்தக்கசிவு கண்டால் எண்ணெய்ப் போத்தலை மூடிவைத்துவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கொட்டகலைத் தோட்டங்களின் கிளினிக்குகளில் பணியாற்றும் மருத்துவமாதரிடம் ஒரு வேண்டுகோள். கர்ப்பிணியிடம் எடை, இரத்த அழுத்தம், மாத்திரை பற்றிக் கேட்கும்போது, வீட்டில் யார் நீவிவிடுகிறார்கள், எங்கே, எப்படி என்றும் கேளுங்கள். வேண்டாம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடாதீர்கள். அடுத்த முறை நீவிவிடும் ஆளையும் கூட்டிவரச் சொல்லி, எங்கே கைவைக்கலாம், எங்கே கூடாது என்று அவருக்குக் காட்டிக்கொடுங்கள்.