பரதேசி

‘பர’ என்றால் வேறு. ‘தேச’ என்றால் நாடு. இவ்விரு வடசொற்கள் சேர்ந்து பிறந்த ‘பரதேசி’க்கு வேற்று நாட்டார் என்பதே நேர்ப்பொருள். கொச்சியில் 1568-இல் கட்டப்பட்ட யூதர் தொழுகைக்கூடம் இப்பொருளில்தான் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. யாத்திரிகர், துறவி, இரந்துண்பவர் என்ற பொருள்களும் உண்டு. பேச்சுவழக்கில் அது வசைச்சொல்லாகிவிட்டது.

தமிழ் வேதாகமத்தில் இச்சொல்லுக்குத் தனி மதிப்பு. பேதுருவின் முதல் நிருபம், இன்றைய துருக்கிப் பகுதியில் சிதறி வாழ்ந்த விசுவாசிகளை அந்நியர், பரதேசிகள் என்று அழைக்கிறது. கிரேக்க மூலத்தில் ‘பரொய்கொஸ்’ என்பவர் குடியுரிமையின்றி ஊரில் வாழ்பவர். ‘பரெபிதேமொஸ்’ என்பவர் சிறிது காலம் தங்கிச் செல்பவர். முதற்சொல்லின் வழிவந்ததே திருச்சபைப் பங்கைக் குறிக்கும் ‘பாரிஷ்’ என்ற ஆங்கிலச் சொல்.

ஊரைத் துறந்து ஓடுமாறு இச்சொல் சொல்லவில்லை. தியோக்னேத்து என்பவருக்கு எழுதப்பட்ட பழைய கிறிஸ்தவ மடல் இதை விளக்குகிறது. விசுவாசிகள் அந்தந்த ஊரின் உடையையும் உணவையும் ஏற்றனர். எல்லோரையும்போல் மணந்தனர், பிள்ளை பெற்றனர். ஆனால் பிறந்த சிசுவை வெளியே எறியும் அக்கால வழக்கத்தை ஏற்க மறுத்தனர்.

பணமும் புகழும் நுகர்வுமே வாழ்வின் அளவுகோல் என்று விளம்பரமும் திரையும் இன்று ஓயாமல் சொல்கின்றன. கிறிஸ்தவர் இந்தச் சமூகத்தில் உழைக்கலாம், வாக்களிக்கலாம், அதன் கலைகளில் மகிழலாம். நன்மை எது என்பதை மட்டும் கிறிஸ்துவிடமே கற்க வேண்டும். அப்படி வாழ்பவருக்குப் பரதேசி என்பது பெருமைக்குரிய பெயர்.