கலும்பாங் செம்மண் சடக்குகள்: வண்டி வராத பாதை, யாருடைய பாதை?

கலும்பாங்: வார இறுதிக் காலைகளில் கோலகுபு பாருவில் சைக்கிளோட்டிகளைப் பார்க்காமல் தேநீர் குடிக்க முடியாது. அவர்களில் பெரும்பாலோர் பிரேசர் மலைக்குத் தார்ச்சடக்கில் ஏறிச் செல்பவர்கள். அங்கிருந்து பழைய ஈப்போ சாலையில் வடக்கே கெர்லிங்கைத் தாண்டி வந்தால் கலும்பாங். இந்த வட்டாரத்தில் சாலையை விட்டு இறங்கிச் செம்பனைக்குள் நுழையும் செம்மண் சடக்குகள் ஏராளம். குலை ஏற்றும் டிராக்டர், தொழிலாளியின் மோட்டார் சைக்கிள் தவிர வேறு வண்டி அவற்றில் வருவது அரிது.

இத்தகைய மண், சரளைப் பாதைகளில் ஓட்டுவதை உலகெங்கும் 'கிராவல்' என்கிறார்கள். அதற்கான சைக்கிளில் பந்தயச் சைக்கிளைப் போல வளைந்த கைப்பிடி இருக்கும். டயர் மட்டும் 40 மில்லிமீட்டர் அளவுக்குத் தடிப்பாக இருக்கும். அமெரிக்காவின் எம்போரியா நகரில் 200 மைல் கிராவல் பந்தயம் 2006-இல் தொடங்கியது. இதற்கான முதல் உலக வெற்றியாளர் போட்டி 2022-இல் இத்தாலியில் நடந்தது. கலும்பாங்கில் ஓட்ட விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. வீட்டிலிருக்கும் மலைச் சைக்கிளே போதும்.

இந்தச் சடக்குகள் எப்படி வந்தன என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். பால்மரக் காலத்தில் நிரைக்குள் ஒற்றையடிப் பாதைதான். வெட்டிய பாலை வாளியில் ஊற்றி, காண்டா கம்பில் தோளில் சுமந்து, பால் கொட்டகை வரை நடந்தார்கள். 1960-களுக்குப் பிறகு தோட்டங்கள் வரிசையாகச் செம்பனைக்கு மாறின. செம்பனைக் குலை இருபது கிலோவுக்கு மேலும் கனக்கும். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டு சேர்க்கப் பார்ப்பார்கள்; தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெட்டுவிடும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு மரத்தடிக்கும் வெட்டுக்காரர் திரும்ப வரவேண்டும். அதனால்தான் காட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தைச் சுற்றியும் லாரி போகும் சடக்கு போட்டார்கள். நடுவில் மேடு, இரு ஓரமும் கால்வாய், மேலே செம்மண் சரளை. சைக்கிளோட்டி இன்று பாராட்டும் வலைப்பின்னல் இதுதான். அதை வெட்டியதும், நிரவியதும், மழைக்குப் பிறகு கால்வாய் தோண்டியதும் பெரும்பாலும் நம் தோட்ட மக்களின் கைகள். எந்தச் சடக்கிலும் அவர்கள் பெயர்ப்பலகை கிடையாது.

பாதையின் குணம் இடத்துக்கு இடம் மாறும். கலும்பாங், கெர்லிங் பக்கம் மலையடிவாரம்; ஏற்றமும் இறக்கமும் ஓயாது. செம்மண் காய்ந்தால் கெட்டி, மழை பெய்தால் வழுக்கும். ஆனால் சீக்கிரம் வடிந்துவிடும். மேற்கே கோலசிலாங்கூரை நெருங்க நெருங்கக் கடலோரக் களிமண். அங்கே நிலம் தட்டை, பாதைகள் பெரும்பாலும் வடிகால் கரைமேல் ஓடும். நனைந்த களிமண் டயரில் அப்பி, சக்கரத்தைச் சுற்றவிடாமல் நிறுத்தும். சைக்கிளைத் தோளில் தூக்கி நடக்கத் தயாராக இல்லாதவர்கள் மழைக்கு மறுநாள் அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது. இன்னும் வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல்வயல்களின் வாய்க்கால் கரைகள் உண்டு. பெர்னாம் ஆற்று நீர் தெங்கி ஆறு வழியாக அங்கே வருகிறது. நிழல் இல்லாத இடம்; தண்ணீர் அதிகம் வேண்டும்.

லெம்பா பெரிங்கின் தனி ரகம். 1990-களில் பெரிய நகரமாகத் திட்டமிடப்பட்டு, 1997 நிதி நெருக்கடியில் முடங்கிப்போன இடம். வீதிகள் போடப்பட்டன, ஆட்கள் வரவில்லை. தார் பெயர்ந்து லாலாங் புல் முளைத்த சடக்குகளை அங்கே காணலாம். சைக்கிளுக்கு வசதிதான். ஆனால் குடியிருப்பு மாற்றம் எப்படி முடியக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி உலுசிலாங்கூரில் இல்லை. எதிர்மாறாக, புக்கிட் தாகார் பக்கம் காலியாக இருக்கும் என்று நம்பி யாரும் போகவேண்டாம். 2005 முதல் இயங்கும் குப்பை நிலத்துக்குப் போகும் லாரிகளின் வழி அது.

மழை குறைவான மாதங்கள் பிப்ரவரியும், ஜூன், ஜூலையும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை கிட்டத்தட்ட நிச்சயம். எந்த மாதமானாலும் காலை ஏழுக்குக் கிளம்பிப் பதினொன்றுக்குள் சடக்குக்குத் திரும்பிவிடுவது உத்தமம். வெட்டிப்போட்ட மட்டையின் முள் டயரைக் குத்தும். டியூப் இல்லாத டயரில் ஓட்டை அடைக்கும் திரவம் ஊற்றி ஓட்டுவது பலன் தரும். குலை வெட்டும் இடத்தில் மரத்தடியை ஒட்டிப் போகக்கூடாது. நீண்ட கழியில் அரிவாள் கட்டி மேலே பார்த்து நிற்பவருக்குக் கீழே வரும் சைக்கிள் தெரியாது. மருந்தடிக்கும் காட்டைச் சுற்றிப் போகவேண்டும். வழியில் கம்பத்தின்மேல் மரப்பெட்டி தென்பட்டால், அது எலி பிடிக்கத் தோட்ட நிர்வாகம் ஆந்தைக்குக் கட்டிய வீடு, தொடவேண்டாம்.

கலும்பாங்கில் கொமூட்டர் நிற்பதில்லை. வடக்கே தஞ்சோங் மாலிம், தெற்கே கோலகுபு பாரு ஆகியவைதான் அருகிலுள்ள நிலையங்கள். தஞ்சோங் மாலிமிலிருந்து பழைய சாலையில் சுமார் 10 கிலோமீட்டர். நெடுஞ்சாலை வந்தபின் பழைய சாலையில் நெரிசல் குறைந்தாலும் லாரிகள் குறையவில்லை, பின்விளக்கு அவசியம்.

அடுத்தது அனுமதி. இந்தச் சடக்குகள் ஏறக்குறைய எல்லாமே தனியார் நிலம். சங்கிலியோ காவல் குடிலோ இருந்தால் நின்று கேட்க வேண்டும். குழுவாகச் செல்பவர்கள் தோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்பது முறை. சைக்கிளோட்டிக்கு இது சிறு தொல்லை. அதே தோட்டத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்து வெளியேறிய குடும்பத்துக்கு இது வேறு விஷயம். அவர்களுடைய மாரியம்மன் கோயிலும் இடுகாடும் உள்ளே இருக்கின்றன. சடக்கு வெளியாள் கையில் இருக்கிறது.

இதில் பலர் தவறாக நம்பும் ஒன்று உண்டு: பல ஆண்டுகளாக நடந்த பாதை தானாகவே நம் பாதையாகிவிடும் என்பது. இங்கிலாந்தில் பொதுமக்கள் 20 ஆண்டுகள் தடையின்றி நடந்த வழி பொதுவழியாகக் கருதப்படும். மலேசியாவில் அப்படி இல்லை. 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி, நெடுங்காலப் புழக்கத்தால் மட்டும் பிறர் நிலத்தின்மேல் வழியுரிமை பிறக்காது. நில உரிமையாளர் எழுத்து மூலம் தந்து பதிவானால்தான் செல்லும். ஐம்பது ஆண்டு நடந்திருந்தாலும் நில உரிமை கைமாறிய மறுநாள் கதவு பூட்டப்படலாம். மேரி, நைகல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் ஒரு வீட்டுக்காகவே இருபது ஆண்டுகளுக்கு மேல் போராட வேண்டியிருந்தது. பாதையைப் பற்றிப் பேச யாருக்கு நேரம் இருந்தது?

இத்தாலியின் தஸ்கனி மாநிலத்தில் சுண்ணாம்புக்கல் சரளை போட்ட பழைய வெள்ளைச் சாலைகள் ஒவ்வொன்றாகத் தார் பூசப்பட்டு மறைந்துகொண்டிருந்தன. அவற்றைக் காக்கவே 1997-இல் 'எல் எரோயிக்கா' என்ற பழைய சைக்கிள் ஓட்டம் தொடங்கப்பட்டது. இன்று அந்தச் சாலைகளைப் பார்க்கவே உலகம் அங்கே போகிறது. கலும்பாங் சடக்குகளில் சைக்கிளோட்டிகளும் முன்னாள் தோட்ட மக்களும் கேட்பது ஒரே கதவைத்தான். இரு தரப்பும் இதுவரை தனித்தனியாகவே கேட்கிறார்கள்.

தேசிய நிலச் சட்டத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. சாலைத் தொடர்பு இல்லாத நிலத்துக்கு வழியுரிமை ஏற்படுத்த நில நிர்வாகிக்கு அது அதிகாரம் தருகிறது. ஆகவே கோயில் நிர்வாகங்கள் முதலில் பார்க்கவேண்டியது, கோயிலும் இடுகாடும் நிற்கும் இடத்துக்குத் தனிப் பட்டா உண்டா, அந்தப் பட்டாவில் வழி காட்டப்பட்டிருக்கிறதா என்பதை. உலுசிலாங்கூர் மாவட்ட நில அலுவலகம் கோலகுபு பாருவில் இருக்கிறது.